வகைவகையான விளக்குகள், ஒரே சீன்: அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

மேடையில் ஒரே வகை விளக்கு இருபது தொங்கினால் சீன், அதாவது கன்சோலில் (விளக்குகளை ஆட்டுவிக்கும் கட்டுப்பாட்டு மேசை) பதிவு செய்து வைக்கும் ஒளி அமைப்பு, போடுவது எளிது. ஒன்று சரியாக வந்தால் இருபதும் சரியாக வரும். ஹாலஜன் பார் (PAR எனப்படும் விளக்கு) நான்கு, இரண்டு வெவ்வேறு வகை எல்இடி பார் எட்டு, மூவிங் ஹெட் (தலை திரும்பும் விளக்கு) நான்கு, ஓரத்தில் ஒரு புகை இயந்திரம் என்று கலந்துகட்டி வரும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. நீங்கள் ஒன்று பதிவு செய்வீர்கள், மேடையில் வேறொன்று வரும்.

பல வருடங்களாக இதைச் செய்ததில் எனக்குத் தெளிவாகப் புரிந்த ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஎம்எக்ஸ், அதாவது கன்சோலிலிருந்து விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் கம்பியில் போவது வெறும் எண்தான். ஒரு யூனிவர்ஸில் (ஒரு கம்பி சுமக்கும் தொகுப்பு) 512 சேனல், ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஓர் எண். அதற்கு என்ன பொருள் என்பதை அந்தந்த விளக்குதான் முடிவு செய்கிறது. 0 என்றால் ஹாலஜன் டிம்மருக்கு (வெளிச்ச அளவு) ‘அணை’. மூவிங் ஹெட்டின் ஷட்டருக்கு (வெளிச்சத்தை மறைக்கும் மூடி) பெரும்பாலும் ‘மூடு’. எல்இடி பாரின் ஸ்ட்ரோப் சேனலுக்கு ‘துடிக்காமல் நிலையாக எரி’. பேன் (தலையை இடவலமாகத் திருப்பும்) சேனலுக்கு ‘ஒரு கோடிக்குத் திரும்பி நில்’. வண்ணச் சக்கரத்துக்கு ‘வெள்ளை’. எல்லா ஃபேடரையும் (கன்சோலின் தள்ளுகோல்) கீழே இறக்கிவிட்டோம், அதனால் எல்லாம் சும்மா இருக்கிறது என்று நினைப்பதில்தான் பாதிக் கோளாறு பிறக்கிறது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் சீனைத் திருத்துவதில் இறங்காதீர்கள். முதலில் ஒரே ஒரு விளக்கைத் தேர்ந்தெடுத்து, அதன் முதல் சேனலிலிருந்து கடைசி சேனல் வரை ஒவ்வொன்றாக 0-விலிருந்து 255 வரை மெதுவாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். என்ன நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு வகைக்கு ஐந்து நிமிடம் போதும். கையேடு தொலைந்திருந்தாலும், அது வேறு பதிப்புக்கானதாக இருந்தாலும், இந்தத் தாள் பொய் சொல்லாது.

ஒரு விளக்கு எரியவே இல்லை

மற்றவை எரிந்து ஒன்று மட்டும் இருட்டாக இருந்தால் கம்பியைச் சந்தேகிக்கும் முன் ஷட்டரைப் பாருங்கள். மூவிங் ஹெட்டில் வெளிச்சம் வெளியே வர இரண்டு சேனல்கள் ஒத்துழைக்க வேண்டும்: டிம்மர் ஏறியிருக்க வேண்டும், ஷட்டர் திறந்திருக்க வேண்டும். எல்இடி பாரில் டிம்மரை மட்டும் ஏற்றினால் வெளிச்சம் வராது, ஏதாவது ஒரு நிறமும் ஏற வேண்டும். ஹாலஜனில் பழகியவர்கள் இந்த இரண்டு இடத்திலும் தவறாமல் மாட்டிக்கொள்வார்கள்.

அதுவும் சரி என்றால் விளக்கின் திரையைப் பாருங்கள். தானாக ஓடும் ஆட்டோ முறையிலோ ஒலிக்கு ஆடும் சவுண்ட் முறையிலோ இருந்தால் அது கன்சோலின் பேச்சைக் கேட்காது. இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சில விளக்குகள் ஆட்டோ முறையில் இருக்கும்போது தாமே மாஸ்டராக மாறி அதே கம்பியில் சிக்னலை அனுப்பத் தொடங்கும். அப்போது வரிசையே பேய் பிடித்த மாதிரி ஆடும். கோளாறு அந்த ஒரு விளக்கில் இருக்கும், நாம் கன்சோலைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

எந்த விளக்குமே எரியவில்லையா? எல்லாவற்றையும் இருட்டாக்கும் பிளாக்அவுட் பொத்தான் சிமிட்டுகிறதா என்று பாருங்கள். சிறிய கன்சோல்களில் சில, மின்சாரம் வந்தவுடன் பிளாக்அவுட்டிலேயே விழித்துக்கொள்ளும். அடுத்து மொத்த வெளிச்சத்தையும் கட்டுப்படுத்தும் கிராண்ட் மாஸ்டர் ஃபேடர். நெட்வொர்க் வழியாக ஓட்டுகிறீர்கள் என்றால் யூனிவர்ஸ் எண். டிஎம்எக்ஸை நெட்வொர்க்கில் அனுப்பும் ஆர்ட்நெட்டில் எண்ணிக்கை 0-விலிருந்து தொடங்கும், பல கன்சோல்கள் திரையில் 1-லிருந்து காட்டும். ஒன்று தள்ளிப்போனாலே மேடை முழுக்க இருட்டு.

ஒன்றை அசைத்தால் இன்னொன்றும் சேர்ந்து அசைகிறது

இது முகவரி மோதல். முகவரி என்பது விளக்கின் முதல் சேனல் எண். ஏழு சேனல் பார் ஒன்று 1-இல் தொடங்கினால் அது 7 வரை பிடித்துக்கொள்ளும். அடுத்தது 8-இல் தொடங்க வேண்டும். அவசரத்தில் 7 என்று வைத்துவிட்டால், முதல் விளக்கின் கடைசி சேனலும் இரண்டாவதின் முதல் சேனலும் ஒன்றாகிவிடும். முதல் விளக்கின் கடைசி சேனலான மேக்ரோவை (தானாக நிறம் மாற்றும் சேனல்) தொட்டால் இரண்டாவதின் டிம்மர் ஏறும். இப்படி விளிம்பில் மட்டும் உரசும் மோதல் எல்லா நேரமும் தெரியாது. ஏதோ ஒரு சீனில் மட்டும் எட்டிப் பார்க்கும். அதனால்தான் கண்டுபிடிக்க நேரம் ஆகிறது.

பன்னிரண்டு விளக்குக்கு ஆளுக்கு 16 சேனல் என்று 192 சேனல்களைக் கட்டாகப் பிரித்து வைத்திருக்கும் சிறிய கன்சோல்களில் கணக்கு வேறு. அங்கே விளக்குக்கு எத்தனை சேனல் இருந்தாலும் முகவரிகள் 1, 17, 33, 49, 65 என்று 16, 16-ஆகத் தாண்டித்தான் போக வேண்டும். நான்கு சேனல் விளக்கை 1, 5, 9, 13 என்று நெருக்கமாக அடுக்கினால் நான்கு விளக்கும் ஒரே பொத்தானுக்குக் கீழே வந்து குவியும். தனித்தனியாகப் பிடிக்க முடியாது. 16-க்கு மேல் சேனல் உள்ள மூவிங் ஹெட் என்றால் அது இரண்டு பொத்தான்களை எடுத்துக்கொள்ளும், அந்த இரண்டாவது பொத்தானில் வேறு எதையும் வைக்கக் கூடாது. முடிந்தால் அந்த விளக்கைக் குறைந்த சேனல் முறைக்கு மாற்றிவிடுவது நல்லது.

பழைய விளக்குகளில் குட்டி ஸ்விட்ச்களை மேலும் கீழும் தள்ளி முகவரி வைக்க வேண்டும். அவற்றின் மதிப்பு வரிசையாக 1, 2, 4, 8, 16, 32, 64, 128, 256. 37 வேண்டுமென்றால் 32, 4, 1, அதாவது ஆறாவது, மூன்றாவது, முதலாவது ஸ்விட்ச்.

சிவப்பு கேட்டால் பச்சை வருகிறது

கன்சோல் நினைத்துக்கொண்டிருக்கும் முறையும் விளக்கு இருக்கும் முறையும் வேறு. நான்கு சேனல் முறையில் முதல் சேனல் சிவப்பு. அதே விளக்கை ஏழு சேனல் முறைக்கு மாற்றினால் முதல் சேனல் டிம்மராகி, சிவப்பு இரண்டாவதாகத் தள்ளிப்போகலாம். பேட்சில் (எந்த முகவரியில் எந்த விளக்கு என்று கன்சோலுக்குச் சொல்லும் பட்டியல்) தேர்ந்தெடுத்த விளக்கு வகையும் விளக்கின் திரையில் தெரியும் முறையும் ஒன்றா என்று பாருங்கள். பெயர் ஒன்றாக இருப்பது போதாது, சேனல் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். எண்ணிக்கை ஒத்துப்போனாலும் வரிசை மாறலாம். ஒரு ஏழு சேனல் பாரில் டிம்மர் முதலில் வரும், இன்னொன்றில் நிறங்கள் முடிந்தபின் வரும். இரண்டையும் கலந்து தொங்கவிட்டுவிட்டு ஒன்றின் மதிப்புகளை மற்றதற்கு நகல் எடுத்தால் மேடையில் கண்காட்சிதான்.

கலந்த விளக்குகளோடு வேலை செய்யும்போது வகைக்கு வகை தனித்தனி பேட்ச் போடுங்கள், தனித்தனி குழு அமையுங்கள். ‘எல்லா பார்’ என்று ஒரே குழுவாகக் கட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

சீன் மாறும்போது விளக்கு வெட்டி வெட்டி எரிகிறது

இதில்தான் அதிகம் பேர் தவிக்கிறார்கள். நானும் தவித்திருக்கிறேன். ஒரு நாடக ஒத்திகையில், சோகமான ஒரு காட்சி ஐந்து நொடியில் மெல்ல இருட்டாக வேண்டும். ஒவ்வொரு முறையும் இருட்டாவதற்குச் சற்று முன் நான்கு மூவிங் ஹெட்டும் மின்னல் போல வெட்டின. கம்பியை மாற்றினேன், விளக்கை மாற்றினேன், வாடகைக்குக் கொடுத்தவரிடம் சண்டைக்கும் போனேன். கடைசியில் பார்த்தால் தப்பு என்னுடைய சீனில் இருந்தது.

முதல் சீனில் ஷட்டர் சேனல் 255, அதாவது திறப்பு. இருட்டு சீனில் அதே சேனல் 0, அதாவது மூடல். இரண்டு முனையும் சரிதான். ஆனால் கன்சோலுக்கு ஷட்டர் என்றால் என்னவென்று தெரியாது. ஐந்து நொடியில் 255-லிருந்து 0-வுக்கு ஒவ்வொரு எண்ணாக இறங்கச் சொன்னோம், அது இறங்கியது. வழியில் இருந்த எண்கள் எல்லாம் ஸ்ட்ரோப். வேகமான ஸ்ட்ரோப், மெதுவான ஸ்ட்ரோப், துடிப்பு, எல்லாவற்றையும் கடந்துதான் அது மூடலுக்கு வர முடியும்.

இதற்கு இரண்டு தீர்வு. ஷட்டரை எல்லா சீனிலும், இருட்டு சீனிலும்கூட, ஒரே திறப்பு எண்ணில் வைத்துவிட்டு இருட்டை டிம்மரால் மட்டும் கொண்டுவருவது ஒன்று. ஃபேட் நேரம் அந்த சேனலுக்குப் பொருந்தாதபடி, சட்டென்று தாவும்படி அமைப்பது மற்றொன்று. பெரிய கன்சோல்களில் சேனலுக்குச் சேனல் ஃபேட், ஸ்னாப் என்று தேர்வு செய்யலாம். சிறியவை சிலவற்றில் ஃபேட் எல்லா சேனலுக்குமா, பேன், டில்ட்டுக்கு (மேல்கீழ் அசைவு) மட்டுமா என்ற தேர்வுதான் இருக்கும். எனக்கு முதல் வழியே பிடிக்கும், ஏனென்றால் எந்த கன்சோலுக்குப் போனாலும் அது வேலை செய்யும்.

ஸ்ட்ரோபுக்கு மட்டும் நேரும் விஷயம் இல்லை இது. வண்ணச் சக்கரம் வெள்ளையிலிருந்து நீலத்துக்கு மூன்று நொடியில் ‘ஃபேட்’ ஆனால் நடுவில் உள்ள எல்லா நிறமும் ஒரு சுற்று வந்து போகும். வடிவங்களை வீசும் கோபோ சக்கரமும் அப்படியே. எல்இடி பாரில் மேக்ரோ சேனல், வேக சேனல் இரண்டும் இன்னும் மோசம்: மேக்ரோ 0-விலிருந்து சற்று நகர்ந்தாலே சில பார்கள் நீங்கள் வைத்த சிவப்பு, பச்சை, நீலத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டுத் தம் விருப்பத்துக்கு நிறம் மாற்றத் தொடங்கும். மூவிங் ஹெட்டின் கன்ட்ரோல் சேனலில் ரீசெட் எங்கோ ஓர் எண்ணில் உட்கார்ந்திருக்கும். அந்த எண்ணில் சில நொடிகள் நின்றால் நிகழ்ச்சி நடுவே தலை முழுதும் சுழன்று தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும்.

எனவே உங்கள் தாளில் ஒவ்வொரு சேனலுக்கும் எதிரே இரண்டில் ஒன்றை எழுதுங்கள்: ‘மெல்ல நகரலாம்’ அல்லது ‘தாவ வேண்டும்’. டிம்மர், நிறக் கலவை, பேன், டில்ட், ஜூம், ஃபோகஸ் எல்லாம் முதல் வகை. ஷட்டர், சக்கரங்கள், மேக்ரோ, கன்ட்ரோல், சில விளக்கில் பிரிசம், இவை இரண்டாம் வகை. இந்த ஒரு பட்டியல் நிறைய ஒத்திகை நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஃபேட் ஒரே வேகத்தில் தெரியவில்லை

எல்லாவற்றுக்கும் ஐந்து நொடிதான் கொடுத்தீர்கள். ஆனால் ஹாலஜன் நிதானமாகக் கரைகிறது, எல்இடி கடைசியில் படக்கென்று அணைகிறது. ஹாலஜனின் இழை ஆறி அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும், குறையக் குறைய நிறமும் மஞ்சளாகிச் சிவக்கும். எல்இடி சொன்ன கணமே கேட்கும், நிறமும் மாறாது. அத்தோடு 8 பிட் (256 படி) டிம்மரில் கீழே கடைசிப் படிகளில் ஒவ்வோர் எண்ணும் கண்ணுக்குத் தெரியும் தாவலாக இருக்கும்.

விளக்கின் மெனுவில் டிம்மர் வளைவு என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். பல பார்களில் மூன்று நான்கு தேர்வு உண்டு, அவற்றில் ஒன்று ஹாலஜன் போல மெதுவாக நடக்கும். எல்லா எல்இடிக்கும் ஒரே வளைவை வைத்துவிட்டு, அப்புறம் ஹாலஜனோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மெனுவில் இல்லையென்றால் எல்இடிக்கு ஃபேட் நேரத்தைக் கூட்டித்தான் சமாளிக்க வேண்டும். முழுமையாக ஒட்டாது. பார்வையாளர் கண்ணுக்கு உறுத்தாத அளவுக்கு வந்தால் போதும்.

ஒரே எண், வெவ்வேறு நிறம்

இரண்டு வகை எல்இடியிலும் சிவப்பு 255, பச்சை 120 வைத்தால் ஒன்று பொன்னிறம், மற்றது பச்சை கலந்த மஞ்சள். உள்ளே இருக்கும் எல்இடி வேறு, அவற்றின் பலம் வேறு. எண்ணை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள். ‘மாலை வெயில்’ என்று ஒரு பேலட் (பெயரிட்டுச் சேமித்த மதிப்புகள்) வைத்து, அதற்குள் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி மதிப்பைப் பார்த்துப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். சீனில் எண்ணுக்குப் பதில் பேலட்டைக் கூப்பிடுங்கள். நாளை விளக்கு மாறினால் பேலட்டை மட்டும் திருத்தினால் போதும்.

ஒப்பிடும்போது எல்லாவற்றையும் ஒரே வெள்ளைத் துணியில் அடியுங்கள். மேடைக்கு ஹாலஜன்தான் முகவெளிச்சம் என்றால் அதன் வெள்ளையை அளவுகோலாக வைத்து, மற்றவற்றை அதை நோக்கிக் கொண்டுவாருங்கள். ஹாலஜனை நீங்கள் நகர்த்த முடியாது, எல்இடியை முடியும்.

மூவிங் ஹெட் தப்பான இடத்தைப் பார்க்கிறது, அல்லது பயணம் செய்வது தெரிகிறது

வலப்பக்கம் போகச் சொன்னால் இடப்பக்கம் போகிறது என்றால், அந்த விளக்கு மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் தொங்குகிறது. ஏறி இறக்கித் திருப்ப வேண்டியதில்லை. பேட்சிலோ விளக்கின் மெனுவிலோ பேன் திருப்பு, டில்ட் திருப்பு என்ற தேர்வு இருக்கும். ஓர் இடத்தில் மட்டும் மாற்றுங்கள். இரண்டு இடத்திலும் மாற்றினால் பழையபடியே ஆகிவிடும்.

குறி சற்றே தவறுகிறது, நகர்த்தினால் தாவித் தாவிப் போகிறது என்றால் ஃபைன் (நுண் நகர்வு) சேனலைப் பாருங்கள். 540 டிகிரி சுழலும் தலைக்கு ஒரே 8 பிட் சேனல் கொடுத்தால் ஒரு படி இரண்டு டிகிரிக்கு மேல். பத்து மீட்டர் தூரத்தில் அது ஏறத்தாழ 37 சென்டிமீட்டர், நடிகரின் முகம் வெளிச்சத்துக்கு வெளியே போகப் போதுமான தூரம். 16 பிட் முறையில் பேனும் அதன் ஃபைனும் சேர்ந்து 65,536 படிகளைத் தரும். விளக்கு 16 பிட் முறையில் இருந்து கன்சோல் 8 பிட் என்று நினைத்தால் ஃபைன் சேனல் இடத்தில் டில்ட் வந்து உட்காரும், அதற்குப் பிறகு எல்லாமே ஒன்று தள்ளிப்போகும்.

இருட்டிலிருந்து விளக்கு எரியும்போது கோடு போட்டுக்கொண்டு ஓடி வந்து நிற்கிறதா? வெளிச்சமும் நகர்வும் ஒரே நேரத்தில் தொடங்குவதுதான் காரணம். நடுவில் ஒரு சீன் சேர்த்து, டிம்மர் 0-வில் இருக்கும்போதே பேன், டில்ட், நிறம், கோபோ எல்லாவற்றையும் அடுத்த இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். சில கன்சோல்கள் இதைத் தாமே செய்யும். செய்யாதவற்றில் கையால் செய்வது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

போன சீனின் வெளிச்சம் ஒட்டிக்கொண்டு வருகிறது, அல்லது வைத்தது வரவில்லை

வெளிச்ச அளவுக்குப் பெரும்பாலான கன்சோல்கள் ‘உயர்ந்த மதிப்பே வெல்லும்’ என்ற விதியையும், நிறம், நகர்வு போன்றவற்றுக்குக் ‘கடைசியாக வந்ததே வெல்லும்’ என்ற விதியையும் வைத்திருக்கும். இரண்டு சீன் ஒரே நேரத்தில் ஏறியிருந்தால் வெளிச்சம் பழையதிலிருந்தும் நிறம் புதியதிலிருந்தும் வரலாம். பேட்சில் வகை தவறாக இருந்து, பேன் சேனலை டிம்மர் என்று கன்சோல் எண்ணினால் தலை எப்போதும் பெரிய எண் பக்கமே இழுத்துக்கொண்டு நிற்கும்.

ட்ராக்கிங் உள்ள கன்சோலில், ஒரு சீனில் குறிப்பிடாத மதிப்பு முந்தைய சீனிலிருந்து அப்படியே தொடரும். அணைய வேண்டிய விளக்கை ‘தொடாமல் விட்டால்’ அது அணையாது. 0 என்று எழுதிப் பதிவு செய்ய வேண்டும்.

சிறிய கன்சோல்களில் இதே கோளாறு வேறு வழியாக வரும். ஃபேடர் கீழே இருப்பது மட்டும் மதிப்பு ஆகாது. நீங்கள் அதை அசைத்தால்தான் கன்சோல் அதைக் கணக்கில் எடுக்கும். ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பொத்தான் மாற்றும்போது ஃபேடர்கள் பழைய விளக்கின் நிலையிலேயே நிற்கும், ஆனால் வெளியே போகும் எண் அதுவாக இருக்காது. 9-லிருந்து 16 வரை உள்ள சேனல்கள் அடுத்த பக்கத்தில் ஒளிந்திருப்பதையும் மறந்துவிடுவோம். பதிவு செய்யும் முன் ஒவ்வொரு விளக்கிலும், இரண்டு பக்கத்திலும், எல்லா ஃபேடரையும் ஒருமுறை ஏற்றி வேண்டிய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். சலிப்பான வேலைதான். ஆனாலும் செய்யுங்கள்.

காரணமில்லாமல் மினுக்குகிறது, துடிக்கிறது

சீனில் எதுவுமே ஓடாமல் நிலையாக இருக்கும்போதும் மினுக்கினால் அது பெரும்பாலும் கம்பிப் பிரச்சினை. வரிசையின் கடைசி விளக்கின் அவுட்டில் டெர்மினேட்டர் இருக்கிறதா என்று பாருங்கள்: இரண்டாவது, மூன்றாவது பின்களுக்கு நடுவே 120 ஓம் ரெசிஸ்டர், அவ்வளவுதான். மூன்று பின் இணைப்பு என்பதால் மைக் கம்பியைச் செருகியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும், இந்த சிக்னலுக்கு ஏற்றதல்ல. குறைந்த தூரத்துக்கு ஓடுவது போலத் தெரிந்து, விளக்குகள் கூடியதும் கைவிடும். ஒரு வரிசையில் 32 விளக்குக்கு மேல் போகக் கூடாது. பிரிக்க வேண்டுமென்றால் ஒய் கம்பி வேண்டாம், ஸ்ப்ளிட்டர் வையுங்கள்.

கோளாறுள்ள விளக்கைக் கண்டுபிடிக்க வரிசையைப் பாதியாக வெட்டிப் பாருங்கள். நடு விளக்கில் டெர்மினேட்டரை மாட்டி, அதற்குப் பின்னால் உள்ளவற்றைக் கழற்றிவிடுங்கள். மினுக்கல் நின்றால் கோளாறு கழற்றிய பாதியில்.

எல்இடி மட்டும் மினுக்கி மற்றவை சரியாக இருந்தால், அதன் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஹாலஜனுக்கு மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பேக்கின் அவுட்டிலிருந்து என்றால் உடனே கழற்றி நேரடி மின்சாரத்துக்கு மாற்றுங்கள். புகை இயந்திரத்துக்கும் மூவிங் ஹெட்டுக்கும் இதே விதி. டிம்மர் பேக்கை ஸ்விட்ச் முறைக்கு மாற்றினாலும் அது நேரடி மின்சாரத்துக்கு ஈடாகாது. இதனால் பவர் சப்ளை எரிந்துபோகலாம், எனவே இதை மட்டும் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள்.

நேற்று சரியாக இருந்தது, இன்று இல்லை

யாரோ ஒரு விளக்கை மாற்றியிருப்பார்கள். மாற்று விளக்கு அதே வகையாக இருந்தாலும் முகவரியும் முறையும் வேறாக இருக்கும், டிம்மர் வளைவு தொழிற்சாலை நிலையில் இருக்கும். ஒவ்வொரு விளக்கின் உடம்பிலும் டேப் ஒட்டி அதன் முகவரி, சேனல் எண்ணிக்கை, வளைவு மூன்றையும் எழுதுங்கள். கன்சோலில் உள்ள நிகழ்ச்சிக் கோப்பை ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் புதிய பெயரில் பென் டிரைவில் சேமியுங்கள். மறுநாள் கதவு திறக்கும் முன், சீன்களை ஓட்டாமல், விளக்குகளை மட்டும் ஒவ்வொன்றாக முழு வெள்ளையில் ஏற்றிப் பாருங்கள். முறை மாறிய விளக்கு அந்த ஒரு சுற்றிலேயே வேறு நிறத்தில் எரிந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.